பட்டாளத்தார் இலை

வேலூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக வருகிறார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி, கோட்டை, ஸ்ரீபுரம் தங்கக்கோயில். எங்களைப் போன்ற வாலாஜாபேட்டைக்காரர்களுக்கு நான்காவதாக இன்னொரு காரணம் உண்டு. லாங்பஜார். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போய் நிற்போம்.

லாங்பஜார் போயிருந்தால் மணிக்கூண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பதித்திருக்கிற கல்லைப் படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. நாற்பது வருஷமாக அதன் ஓரமாகவே வெங்காயமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போனவன், ஒருமுறைகூட நின்றதில்லை. ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்றபோது வேறு வேலை இல்லாததால் கல்லைப் படித்தேன். சில சமயம் நம்மைப் படிக்க வைக்க மழைதான் வர வேண்டியிருக்கிறது.

இங்கிலீஷில் இரண்டே விவரம். வேலூரிலிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனார்கள். அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

'சரி, யார் அந்த 14 பேர்?' என்று கல்லைச் சுற்றிப் பார்த்தேன். பெயர் எதுவும் இல்லை.

மழை விட்டது. ஜனங்கள் கலைந்து போனார்கள். நான் மட்டும் பையோடு நின்றுகொண்டிருந்தேன். காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஓர் இலை இருக்கிறது.

மகாளய அமாவாசை அன்று முன்னோர்களுக்குப் படையல் போடுவது உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஓர் இலை, கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் இலை, அதற்கும் முன்னால் போனவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓர் இலை. கடைசியாக ஓரத்தில், கொஞ்சம் தள்ளி, தனியாக ஓர் இலை. அதில் சோறு, வடை, பாயசத்தோடு ஒரு கட்டு பீடியும் இருக்கும். என் ஆயா மறக்காமல் வைப்பார்.

"இந்த இலை யாருக்கு ஆயா?"

"பட்டாளத்தாருக்கு."

"பீடி எதுக்கு?"

"அங்க குளுருமாம்டா."

பட்டாளத்தார் என்பது என் தாத்தாவின் அண்ணன். தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது பட்டாளத்தில் சேர்ந்து, வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயிலேறினார். சாதாரண ஸ்டேஷன் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது இங்கேதான். ரயில் வந்த ஊர் என்பதில் எங்களுக்கு எப்போதும் பெருமை. ரயில் ஏறிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்பது வேறு கணக்கு. பட்டாளத்தார் வரவில்லை. "பசராவுக்குப் போனாரு" என்பார் ஆயா. பசரா என்பது குடியாத்தம் பக்கத்துப் பசுமாத்தூர் மாதிரி ஏதோ ஓர் ஊர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஈராக்கில் இருக்கும் பாஸ்ரா என்று தெரிந்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது.

"அவர் பேரு இன்னா ஆயா?"

ஆயா வாயைப் பொத்திக்கொள்வார். கணவனின் அண்ணன் மூத்தார். மூத்தார் பெயரைச் சொல்லக் கூடாது. இத்தனைக்கும் அவர் போன பிறகுதான் ஆயா கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தது. பார்த்தே இராத ஒரு மனுஷருக்கு அவ்வளவு மரியாதை. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அப்பாவைக் கேட்டால், "பட்டாளத்தாருன்னுதான்டா சொல்லுவாங்க" என்றார். அப்பா தன் அப்பாவிடம் கேட்டதில்லை. ஆயா போனார். அப்பாவும் போனார். ஒரு பெயர் ஒரு குடும்பத்தைவிட்டுப் போவதற்கு அதிக நாள் தேவைப்படவில்லை. மரியாதையே அதை அழித்துவிட்டது.

மணிக்கூண்டுக் கல்லைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. போரில் செத்தவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்திருக்கிறார்கள், யார் எழுதவில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் மணிக்கூண்டிலிருந்து நேராகப் பக்கத்துக் கோட்டைக்குள் நுழைந்தது. அங்கிருந்து, நம்ப மாட்டீர்கள், வேல்ஸுக்குப் போய்விட்டது.

கோட்டைக் கதை உங்களுக்குத் தெரியும். 1806, ஜூலை 10. அதிகாலை இருட்டில் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரப் படையின் மேல் பாய்ந்தார்கள். காரணங்களில் முக்கியமானது ஒரு தொப்பி. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தலைப்பாகைக்குப் பதிலாக இந்தப் புது மாதிரித் தொப்பியைப் போடு என்று உத்தரவு. தொப்பியில் தோலால் ஆன குஞ்சம். இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. தோலிலேயே பிழைப்பு நடத்தும் எங்கள் ஜில்லாவில், ஒரு துண்டுத் தோல் ராஜாங்கத்தையே ஆட்டிவிட்டது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். சவுக்கும் தோல்தான்.

அன்றைக்குக் கோட்டையில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் படையின் பெயர் 69-வது ரெஜிமென்ட். பாரக்ஸில் படுத்திருந்தவர்கள் படுத்தபடியே செத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. நூறுக்கும் மேற்பட்டவர்கள் காலி. கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது.

செய்தி ஆற்காட்டுக்குப் போனது. ஆற்காட்டுக் குதிரைப்படை முகாம் என்பது பாலாற்றுக்கு வடகரையில் இருந்த இடம். அதாவது இன்றைய ராணிப்பேட்டை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருந்து கில்லஸ்பி என்ற கர்னல், 19-வது டிராகூன் குதிரைப்படையோடு புறப்பட்டார். சுமார் 25 கிலோமீட்டர். இன்றைக்குக் காரில் போனாலே வழியில் ஒரு டீ குடிக்கத் தோன்றும் தூரம். கோட்டைச் சுவரில் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்து ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைப் பிளந்தன. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்த விதம் கொடூரம். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரமாக நிற்க வைத்துச் சுட்டார்கள். விசாரணை இல்லை. அன்றைய தினத்தில் மொத்தம் 350 சிப்பாய்கள் வரை செத்திருப்பார்கள் என்று கணக்கு. பிறகு நடந்த விசாரணையில் பெயர் அடிபட்ட ஷேக் ஆதம் போன்ற சிலரைத் தவிர, மற்றவர்கள் யார்? எந்த ஊர்? அந்தச் சுவரோரம் நின்றவர்களில் உங்கள் ஊர்க்காரர் இருந்தாரா, என் ஊர்க்காரர் இருந்தாரா? தெரியாது. கோட்டைக்குப் பக்கத்தில் மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. 2006-ல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலையும் வெளியிட்டார்கள். சந்தோஷம். ஆனால் தூணுக்கும் தபால்தலைக்கும் பெயர்கள் கிடைக்கவில்லை.

இப்போது வேல்ஸுக்கு வருகிறேன்.

ஒரு ரெஜிமென்ட் என்பது விசித்திரமான பிராணி. அதிலிருக்கும் மனிதர்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள். அது மட்டும் சாகாது. பெயர் மாறும், ஊர் மாறும், கொடி மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். வேலூரில் அடிவாங்கிய 69-வது ரெஜிமென்ட், சவுத் லிங்கன்ஷயர் என்ற இங்கிலீஷ் ஜில்லாவின் பெயரைக் கொண்டது. வேல்ஸுக்கும் அதற்கும் அன்று சம்பந்தமில்லை. 1881-ல் ராணுவத்தைச் சீர்திருத்துகிறேன் என்று ஆரம்பித்தார்கள். 41-வது ரெஜிமென்டையும் இந்த 69-ஐயும் சேர்த்துக் கட்டி, 'வெல்ஷ் ரெஜிமென்ட்' என்று பெயர் வைத்தார்கள். தலைமையிடம் கார்டிஃப். ஆக, வேலூர் கோட்டையின் அந்த ராத்திரி வேல்ஸ் தேசத்துக்குத் தத்துப் போய்விட்டது.

1914-ல் யுத்தம் வந்தது. லாயிட் ஜார்ஜ் என்ற வேல்ஸ் தலைவர், 'எங்கள் சின்ன தேசத்துக்கென்று தனியாக ஒரு படை வேண்டும்' என்று ஊர் ஊராக ஆள் திரட்ட வைத்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, கடைப் பையன், பண்ணையாள், வாத்தியார் எல்லோரும் சேர்ந்தார்கள். ஒரே தெருக்காரர்கள் ஒரே பட்டாலியனில். இப்படி உருவானதுதான் 38-வது வெல்ஷ் டிவிஷன். வெல்ஷ் ரெஜிமென்டின் பல பட்டாலியன்கள் அதில் இருந்தன. 1915 டிசம்பரில் பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

1916 ஜூலையில் சோம் நதிக்கரையில் பெரிய தாக்குதல். மாமெட்ஸ் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு காடு. 200 ஏக்கருக்கு மேல். உள்ளே ஜெர்மானியர்கள் மெஷின்கன்னோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை 7-ம் தேதி வெல்ஷ் டிவிஷனை அனுப்பினார்கள். திறந்தவெளியில் நடந்து போனவர்களை மெஷின்கன் அறுத்துப் போட்டது. காட்டின் ஓரத்தைக்கூடத் தொட முடியவில்லை. மேலதிகாரிகளுக்குக் கோபம். டிவிஷனின் தளபதி ஐவர் ஃபிலிப்ஸைத் தூக்கிவிட்டார்கள். அவர் முன்னாளில் இந்திய ராணுவத்தில் இருந்தவர், பிற்பாடு எம்.பி. ஆனவர். தளபதி மாறினார். மறுபடி தாக்குதல்.

எந்த நாள் என்று நினைக்கிறீர்கள்? ஜூலை 10. விடிகிற நேரம்.

வேலூரில் 69-வது ரெஜிமென்ட் இருட்டில் செத்த அதே தேதி. சரியாக 110 வருஷம் கழித்து. அன்று காட்டை நோக்கி முதல் வரிசையில் நடந்தவர்களில் வெல்ஷ் ரெஜிமென்டின் ரோண்டா பட்டாலியனும் ஸ்வான்ஸீ பட்டாலியனும் இருந்தன. தற்செயல்தான், வேறொன்றுமில்லை. அந்தச் சுரங்கத் தொழிலாளிப் பையன்களுக்கு வேலூர் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காட்டை அவர்கள் பிடித்தார்கள். மரத்துக்கு மரம், கத்தியும் கையெறி குண்டுமாக இரண்டு நாள் சண்டை. செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று சுமார் 4,000 பேர். இவ்வளவுக்குப் பிறகும் 'வெல்ஷ்காரர்களுக்கு வேகம் போதாது' என்று முணுமுணுப்பு கிளம்பியது. 4,000 பேரைக் கொடுத்துவிட்டுக் கோழை என்று பெயர் வாங்குவது எப்படி இருந்திருக்கும்? மறு வருஷம் பெல்ஜியத்தில், பில்க்கெம் மேட்டைப் பிடித்த பிறகுதான் அந்தக் கறை துடைக்கப்பட்டது. இன்றைக்கு மாமெட்ஸில் சிவப்பு டிராகன் ஒன்று முள்கம்பியைக் கிழித்தபடி காட்டைப் பார்த்து நிற்கிறது. 1987-ல் வைத்த நினைவுச்சின்னம்.

இந்த இடத்தில் தோலுக்கு மறுபடி வருகிறேன். ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், அந்தக் காலத்தில் மெட்ராஸ் ராஜதானியின் பெரிய ஏற்றுமதி. யுத்தம் வந்ததும், பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு இதுதான் தோது என்று அரசாங்கமே கொள்முதல் செய்ய ஆரம்பித்தது. எங்கள் பாலாற்றங்கரைத் தோல்ஷாப்புகளில் ஊறிய தோல் கப்பலேறிப் போனது. அந்தக் காட்டின் சேற்றில் புதைந்த ஏதோ ஒரு பூட்ஸில் எங்கள் ஊர் ஆவாரம்பட்டை வாசனை இருந்திருக்கலாம். 1806-ல் எந்தத் தோலைத் தலையில் வைக்க மாட்டோம் என்றார்களோ, அதே தோல் 1916-ல் யார் யார் காலிலோ போய் நின்றது.

பில்க்கெம் மேடு என்று சொன்னேன் இல்லையா? அங்கே 1917 ஜூலை 31-ம் தேதி, அதே வெல்ஷ் டிவிஷனில் ஒரு சிப்பாய் செத்தார். எல்லிஸ் எவன்ஸ். பண்ணை வீட்டுப் பையன். ஆடு மேய்த்தவர். ஹெட் வின் என்ற பெயரில் கவிதை எழுதியவர். வேல்ஸில் ஐஸ்டெட்வோட் என்று வருஷாவருஷம் ஒரு கவிதைத் திருவிழா நடக்கும். கவிஞர்கள் புனைபெயரில்தான் போட்டிக்கு அனுப்ப வேண்டும். ஜெயித்தவருக்குச் செதுக்கிய மர நாற்காலி பரிசு. செப்டம்பரில் விழா. ஜெயித்தவரின் புனைபெயரை மேடையில் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் அசைவில்லை. ஐந்து வாரத்துக்கு முன்பே அவர் போரில் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். காலி நாற்காலியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். லாயிட் ஜார்ஜே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி இன்றும் அவர் வளர்ந்த பண்ணை வீட்டில் இருக்கிறது. ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தெரிந்தது நாற்காலி இல்லை, இலை. கொஞ்சம் தள்ளிப் போட்ட இலை, பக்கத்தில் பீடிக்கட்டு.

வித்தியாசம் ஒன்றுதான். அவர்களுக்குக் கூப்பிட ஒரு பெயர் இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயரை எழுதவே இல்லை என்று ஒட்டுமொத்தமாகக் குற்றம் சொல்ல முடியாது. டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பிரான்ஸில் நவ் ஷாப்பல் என்ற இடத்தில் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே நினைவிடம் கட்டி, 4,700-க்கும் மேற்பட்ட பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பட்டாளத்தார் போனது பாஸ்ரா. அங்கே இருக்கும் நினைவுச்சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு? ரெஜிமென்டின் பெயரைப் போட்டு, 'மற்றும் இத்தனை பேர்' என்று ஓர் எண்ணிக்கை. எங்கள் மணிக்கூண்டு மாதிரியேதான்.

இது தப்பு என்று ஒப்புக்கொள்ள நூறு வருஷம் ஆனது. கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களைச் சமமாக நினைவுகூரவில்லை, அதற்கு இனப்பாகுபாடுதான் காரணம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டது. பெயரில்லாமலோ, நினைவுகூரப்படாமலேயோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர். அது 3,50,000 வரைகூட இருக்கலாம் என்றும் சொன்னது. விட்டுப்போனவர்களைத் தேடும் வேலை நடக்கிறது.

இதை என் மகளிடம் சொன்னேன். உடனே போனை எடுத்துவிட்டாள்.

"அப்பா, அவங்க வெப்சைட்லயே தேடலாம்ப்பா. பேரு சொல்லுங்க."

"பேருதான்மா தெரியாது."

"சரி, ரெஜிமென்ட்?"

"தெரியாது."

"நம்பர்?"

நான் பேசவில்லை. அவளும் போனைக் கீழே வைத்துவிட்டாள். பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் முதலில் பெயர் வேண்டும். வெள்ளைக்காரன் பாஸ்ராவில் எழுதவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டு இருந்தேன். சரியான கோபம்தான். ஆனால் வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவரும் எழுதி வைக்கவில்லையே, அதை யாரிடம் போய்க் கேட்பது?

கொஞ்ச நேரம் கழித்து மகள் சொன்னாள். "ஏதாவது ஒரு பேரை நாமே வெச்சிடலாமேப்பா. கூப்பிடவாவது ஆகும்."

யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். தப்பான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பட்டாளத்தார் என்றால் அவருக்கே தெரியும். நூறு வருஷமாக அந்தப் பெயருக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார்.

போன மகாளய அமாவாசைக்கு அந்த இலையை மகள்தான் போட்டாள். கொஞ்சம் தள்ளிப் போடாமல், தாத்தா இலைக்குப் பக்கத்திலேயே போட்டாள். "அண்ணன் தம்பிதானே, எதுக்கு ஓரமா உட்காரணும்?" என்றாள். எனக்கு இத்தனை வருஷம் இது தோன்றவில்லை. பீடிக்கட்டு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க குடிக்க மாட்டீங்களே சார்?" "வீட்டுக்கு ஒருத்தர் வர்றார்" என்றேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பட்டாளத்தார், ரங்கூன்காரர், சிலோன்காரர், மலேயாக்காரர் இருப்பார். போனவர், வராதவர். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். சொல்லக் கூடாத உறவாக இருந்தால் ஒரு தாளைக் கொடுங்கள், எழுதிக் காட்டட்டும். எழுதத் தெரியாதென்றால், சொல்லக்கூடிய இன்னொருவரைத் தேடிப் பிடியுங்கள். கிடைத்ததும் காலண்டருக்குப் பின்னாலாவது எழுதி வையுங்கள்.

எங்கள் ஆயாவிடம் நான் தாளை நீட்டியிருக்கலாம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.